வாசலில் ஒரு செண்பகம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைக் கூடியவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



இன்றைக்கு வங்கிக் கடன் பற்றியோ தணிக்கை பற்றியோ நான் பேசப்போவதில்லை. பயப்படாதீங்க. ஒரு மரத்தைப் பற்றிப் பேசப்போறேன். போன கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்து, தீர்மான நோட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு தங்கச்சி போனைக் கொண்டுவந்து காட்டினாள். படத்தில் ஒரு மரம். ஒரு இலைகூட இல்லை. கிளை முழுக்க ரோஸ் கலரில் பெரிய பெரிய பூ, தாமரை மொட்டைக் கொண்டுவந்து ஒட்டி வைத்த மாதிரி.

"அக்கா, இதுக்குப் பேரு மக்னோலியாவாம். போன்லயே விதை வாங்கலாம். பத்து விதை முன்னூறு ரூபா. எங்க குழுவுல நாலு பேரு வாங்கிட்டோம். ரெண்டு மாசமா தண்ணி ஊத்துறோம், ஒண்ணுகூட முளைக்கல. என்னத்துக்குன்னு தெரியல" என்றாள்.

நாலு பேர், ஆயிரத்து இருநூறு ரூபாய். அதில் ரெண்டு பேர் உள்கடனில் எடுத்த பணத்தில் இருந்து கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் இதைக் கூட்டத்தில் பேச வேண்டியதாயிற்று.

அந்தப் படத்தில் இருப்பது குளிர் நாட்டு மரம். அங்கே குளிர்காலத்தில் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டை மரமாக நிற்கும். குளிர் விட்டு வசந்தம் ஆரம்பிக்கும்போது இலை வருவதற்கு முன்னாலேயே பூ வந்துவிடும். அதன் விதைகூட ரெண்டு மூணு மாதம் குளிர்ந்த ஈர மண்ணில் கிடந்தால்தான் கண் விழிக்கும். நம்ம தென்காசிப் பக்கம் சாரல் அடிக்கிறதே என்று கேட்காதீங்க, அந்தக் குளிர் இதுக்குப் பத்தாது. இன்னொரு விஷயமும் இருக்கு. அந்த ரோஸ் பூ மரம் இயற்கையாகக் காட்டில் வந்தது இல்லை. பிரான்ஸ் நாட்டில் நெப்போலியன் படையில் இருந்த சூலாஞ்ச் போதான் என்கிற ஒருத்தர், சண்டை எல்லாம் முடிந்து தோட்டம் போட உட்கார்ந்தபோது, சீனாவில் இருந்து வந்த ரெண்டு வகை மரத்தைச் சேர்த்து 1820-களில் உண்டாக்கினது. அப்படி உண்டாக்கின மரத்தை ஒட்டுப் போட்டும் பதியம் போட்டும்தான் பெருக்குகிறார்கள். விதை போட்டால் படத்தில் பார்த்த அதே பூ வரும் என்று சொல்ல முடியாது. பாக்கெட்டில் வந்த விதை மக்னோலியாதானா என்பது வேறு கேள்வி!

அந்தத் தங்கச்சி முகம் வாடிப்போச்சு. அப்புறம்தான் நான் சொன்னேன்: "நீ தேடுற மக்னோலியா உங்க தெரு முனையிலயே நிக்குதும்மா. நாம அதைச் செண்பகம்னு சொல்றோம்."

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. செண்பகத்துக்குத் தாவர நூலில் முன்பு மிச்சேலியா சம்பகா என்று பேர். பிற்பாடு ஆராய்ந்து பார்த்து, இதுவும் மக்னோலியா குடும்பத்துப் பிள்ளைதான் என்று மக்னோலியா சம்பகா என்று மாற்றிவிட்டார்கள். அந்த ரோஸ் பூவுக்கு நம்ம செண்பகம் மதினி முறை என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரே வித்தியாசம், நம்மது இலையை மொத்தமாக உதிர்க்காது. சித்திரை வைகாசி வெயிலில் பூக்கும், மழைக்குப் பிறகு மறுபடியும் பூக்கும். கலர் மஞ்சள், சிலதில் காவி கலந்த மஞ்சள். வாசனையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லணுமா!

குற்றாலத்தில் பெரிய அருவிக்கு மேலே மலையில் செண்பகாதேவி அருவி இருக்கு. அந்தப் பேரிலேயே செண்பகம் இருக்கு பாருங்க. கும்பகோணம் பக்கம் திருநாகேஸ்வரம் கோயிலில் தல மரமே செண்பகம்தான். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களுக்குப் பேர் சொல்லியிருக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம், அந்த வரிசையிலும் இது இருக்கு. இவ்வளவு பழைய சொந்தத்தை விட்டுட்டு நாம் போனில் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் ஒன்று. அந்தத் தங்கச்சியைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை கிடையாது. இங்கே இருக்கிற பழைய உறுப்பினர்களுக்குத் தெரியும். 2017-ல் வீட்டுத் தோட்டப் பயிற்சி நடத்தினபோது, வீட்டுக்கு ஒரு செண்பகம் வைக்கலாம் என்று நான்தான் கிளப்பிவிட்டேன். ஒரு கோயில் மரத்தடியில் இருந்து விதை பொறுக்கிக்கொண்டு வந்தேன். நெல் விதை, அவரை விதை எல்லாம் எப்படிப் பத்திரப்படுத்துவோம்? அதே மாதிரி நல்லா வெயிலில் காயவைத்து, டப்பாவில் போட்டு ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருந்தேன். அப்புறம் முப்பத்தி ரெண்டு பேருக்கு ஆளுக்குப் பத்து விதை என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். பையும் எருவும் வாங்கக் குழுப் பணம் செலவானது.

ஒன்றுகூட முளைக்கவில்லை. முந்நூற்று இருபது விதையில் ஒன்று இல்லை!

யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் அடுத்த பயிற்சிக்குப் பதினோரு பேர்தான் வந்தார்கள். "அந்தப் பிள்ள படிச்ச பிள்ளதான், மண்ணு விசயம் அதுக்கு என்ன தெரியும்" என்று ஒரு அக்கா சொன்னது என் காதில் விழுந்தது. உண்மைதானே. எம்.எஸ்.டபிள்யூ. படிப்பில் செண்பக விதை பற்றி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிக்கொடுத்தது என் தப்புதான்.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு ஆச்சி மட்டும் போகாமல் இருந்தார்கள். பேர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஆச்சி என்றே சொல்கிறேன். "ஏ பிள்ளே, செண்பக விதை காஞ்சா செத்துரும். உனக்கு ஒருத்தரும் சொல்லலையா?" என்று கேட்டு, என்னை அவங்க வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். புறவாசலில் ஒரு பெரிய செண்பகம். அவங்க கையால் விதை போட்டு வளர்த்தது.

அந்த விதைக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

செண்பகம் பூத்து முடிந்து சில மாதம் கழித்து, கொத்தாகக் காய் தொங்கும். முற்றினதும் ஒவ்வொரு காயும் வெடித்து, உள்ளே சிவப்பாக விதை தெரியும். அந்தச் சிவப்பு, விதையின் மேல் இருக்கிற சதை. குருவிக்கும் மைனாவுக்கும் அது பலகாரம். நமக்கு அதுதான் எதிரி. அந்தச் சதை இருந்தால் விதை சரியாக முளைக்காது, எறும்பும் மொய்க்கும். அதனால் கீழே விழுந்து காய்ந்ததைப் பொறுக்காமல், வெடிக்கிற காயை அன்றைக்கே பறிக்கணும். ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் மணலும் அடுப்புச் சாம்பலும் சேர்த்துக் கையால் கசக்கினால் சிவப்புத் தோல் கழன்று, உள்ளே கறுப்பு விதை வரும். கழுவித் தண்ணீரில் போட்டால் மிதக்கிறது பதர், தள்ளிவிடலாம். முங்கினதை நிழலில் ஈரம் வடியும் அளவுக்கு மட்டும் வைத்து, அன்றைக்கோ மறுநாளோ ஊன்றிவிடணும். நான் செய்த மாதிரி டப்பாவில் போட்டு மூடினால் கதை முடிந்தது.

மண் பாதி, மணல் பாதி, கொஞ்சம் மக்கின எரு. அரை அங்குல ஆழம் போதும். மேலே வைக்கோலோ தென்னை ஓலையோ போட்டு, மண் காயாமல் பூவாளியால் தெளித்து வரணும். உடனே முளைக்காது, ஒரு மாதம் தாண்டும், ரெண்டு மாதம்கூட ஆகும். பத்து போட்டால் பத்தும் வராது, நாலைந்து வந்தால் நல்ல அறுவடை. இளங்கன்றுக்கு நேர் வெயில் ஆகாது. மா மரத்து நிழலோ தென்னங்கீற்றுப் பந்தலோ வேணும். ஒரு முழம் வளர்ந்ததும் கொஞ்சம் கொஞ்சமாக வெயில் காட்டலாம்.

விதை போட்ட மரம் பூக்க எட்டு வருஷம், பத்து வருஷம் ஆகும். ஆச்சி மரம் ஒன்பதாவது வருஷம் பூத்ததாம்.

அவ்வளவு நாள் யார் காத்திருப்பது என்று கேட்பீங்க. அதுக்கு ஒட்டுக் கன்று இருக்கு. ரெண்டு மூணு வருஷத்தில் பூத்துவிடும், மரமும் அவ்வளவு உயரம் போகாது. விதை மரம் நல்ல இடம் கிடைத்தால் 100 அடிகூடப் போகும் என்பதை மறக்கவேண்டாம். ரெண்டு சென்ட் இடத்தில் வீடு கட்டியிருக்கிறவங்க ஒட்டுக் கன்று வைப்பதுதான் புத்திசாலித்தனம். வெள்ளைச் செண்பகம் என்று விற்கிறார்களே, அது ஒரு கலப்பு வகை. விதையே பெரும்பாலும் பிடிக்காது, ஒட்டுதான் வழி.

நர்சரியில் வாங்கும்போது கவனமாக இருங்க. எங்க அம்மா வீட்டுக்கு நான் வாங்கின "ஒட்டுக் கன்று" ஆறு வருஷமாகப் பூக்கவில்லை. பிறகு ஒரு தோட்டக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஒட்டின இடமே இல்லையே, இது விதைக் கன்று என்றார். ஒட்டு விலையும் கொடுத்து, விதைக் கன்றும் வாங்கியிருக்கிறேன். தண்டில் அடியில் இருந்து ஒரு சாண் உயரத்துக்குள் முடிச்சுப் போட்ட மாதிரி ஒட்டின தழும்பு இருக்கணும். அது தெரியாவிட்டால் வாங்காதீங்க. நட்ட பிறகு அந்தத் தழும்புக்குக் கீழே துளிர் வந்தால் உடனே கிள்ளி எடுத்துவிடணும், இல்லாவிட்டால் கீழே இருக்கிறது மேலே இருக்கிறதைத் தின்றுவிடும்.

பேரிலும் குழப்பம் உண்டு. சம்பங்கி என்று கேட்டால் மாலை கட்டுகிற நிலச் சம்பங்கிக் கிழங்கைக் கொடுப்பார்கள். கன்னடத்தில் செண்பகத்தைச் சம்பிகே என்பார்கள், அதனால் அந்தப் பக்கம் போய்வந்தவர்கள் மாற்றிச் சொல்வதும் உண்டு. சம்பா என்று கேட்டால், கிளையை ஒடித்தால் பால் வருமே, அந்த ஈழத்தலரி வந்து சேரும். அதனால் செண்பகம் என்று தெளிவாகக் கேட்டு, இலையைப் பார்த்து வாங்குங்க. நீளமான இலை, நுனி கூர்மை, கிளையை ஒடித்தால் பால் வராது.

நடுகிற இடம் பற்றி நல்லா யோசிக்கணும், ஏன்னா இதை ஒருதரம் வைத்தால் பிடுங்கி வேறு இடத்தில் வைக்க முடியாது. வேர் சதைப்பற்றானது, அறுந்தால் சுலபமாக ஆறாது. பையில் இருந்து எடுக்கும்போதுகூட பிளேடால் பையைக் கீறி, மண் உடையாமல் அப்படியே குழிக்குள் இறக்கணும். விதை மரம் என்றால் வீட்டுச் சுவரில் இருந்து இருபது அடியாவது தள்ளி வையுங்க. கிணறு, செப்டிக் டேங்க், மின்சாரக் கம்பி இதெல்லாம் பார்த்துக்கணும். தண்ணீர் தேங்குகிற இடம் கூடவே கூடாது. நம்ம பக்கம் செம்மண் இதுக்கு ரொம்பப் பிடிக்கும். கரிசல் காட்டில் இருந்து வந்திருக்கிற அக்காமார் மட்டும் கொஞ்சம் மேடாக்கி, மணலும் எருவும் நிறையச் சேர்த்து முயற்சி பண்ணலாம். போரில் உப்புத் தண்ணி வருகிற வீடு என்றால் நான் சிபாரிசு செய்யமாட்டேன். இலை ஓரம் கருகி, மஞ்சளாகி, வளராமலே நிற்கும்.

ரெண்டடிக்கு ரெண்டடி, ரெண்டடி ஆழம் குழி. மேல்மண்ணோடு ரெண்டு கூடை மக்கின சாணி எரு, கரையான் இருந்தால் ரெண்டு கை வேப்பம் பிண்ணாக்கு. பச்சைச் சாணி வேண்டாம். ஒட்டுத் தழும்பு மண்ணுக்குள் போகக்கூடாது. நம்ம ஊரில் ஆனி ஆடியில் கணவாய்க் காற்று எப்படி அடிக்கும் என்று தெரியுமே, அதனால் நட்ட அன்றைக்கே ஒரு கம்பு ஊன்றி, பழைய சேலைக் கிழிசலால் இறுக்காமல் கட்டிவிடுங்க. கயிறு தண்டை அறுக்கும். சுற்றிலும் தேங்காய் உரிமட்டையைக் கவிழ்த்து அடுக்கினால் ஈரம் நிற்கும். முதல் ரெண்டு கோடைக்கு மண் காயவிடாமல் வாரம் மூணு நாள் ஒரு குடம் தண்ணீர். பாத்திரம் கழுவின சோப்புத் தண்ணியைத் திருப்பிவிடாதீங்க.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஆபத்து ஆடுதான். உடைமுள் வெட்டி நல்லா அடைத்துவிடுங்க. பக்கத்து வீட்டு மைனி ஆடு என்று பார்த்தால் கன்று இருக்காது.

இலையைப் பச்சைப் புழு தின்றால் மருந்து அடிக்க ஓடவேண்டாம். கறுப்பில் பச்சைப் பொட்டு வைத்த மாதிரி ஒரு வண்ணத்துப்பூச்சி படபடவென்று பறக்குமே, அதுவும் அதன் பங்காளியும் இந்த இலையில்தான் முட்டை போடும். நாலு இலை போனால் போகட்டும். தண்டிலும் இலைக்கு அடியிலும் செதில் மாதிரி ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சுகிற பூச்சி வந்தால் மட்டும் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்க.

இப்போது வருமானம். இதைத்தான் கேட்பீங்க என்று தெரியும். போன வருஷம் ஒருத்தர் வந்தார். "கன்று ஒன்று முன்னூறு ரூபாய், குழுவுக்கு நூறு கன்று எடுத்துக்கோங்க, பூவை சென்ட் கம்பெனிக்கு நாங்களே வாங்கிக்கிறோம்" என்றார். அந்த வாக்குறுதியைப் பத்திரத்தில் எழுதிக்கொடுங்க என்று ஒரு ஊக்குநர் அக்கா கேட்டார். அத்தோடு அவர் வரவில்லை. செண்பகத்தில் இருந்து விலை உயர்ந்த வாசனைத் தைலம் எடுப்பது நிஜம்தான். ஆனால் ஒரு சின்னக் குப்பி தைலத்துக்குக் கூடை கூடையாகப் பூ வேணும், அதுக்கு ஆலையும் வேணும். நம்ம புறவாசல் மரத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. பூவும் மல்லிகை மாதிரி சந்தைக்கு மூட்டை கட்டி அனுப்புகிற பூ இல்லை. கைபட்டாலே கன்றிப்போகும், சாயங்காலத்துக்குள் வாடும். விடியக்காலை முழுக்க விரியாத பூவாகப் பறித்து, வாழை இலையில் வைத்து, கோயில் வாசலில் எண்ணி விற்கலாம். சில்லறைச் செலவுக்கு ஆகும். செண்பகத்துக்காக யாரும் கடன் கேட்காதீங்க. கேட்டால் தீர்மானத்தில் எழுத நான் சம்மதிக்கமாட்டேன்.

பின்னே எதுக்கு வைக்கணும்? அதுக்கு ஆச்சி கதையின் மீதியைச் சொல்லணும்.

ஆச்சிக்கு முப்பத்தி ரெண்டு வயதில் புருஷன் போய்விட்டார். மறுவருஷம் அந்த விதையைப் போட்டார்கள். ஏன் செண்பகம் என்று கேட்டேன். "பூ வைக்கக் கூடாதுன்னு சொன்னாவ. வளக்கக் கூடாதுன்னு ஒருத்தரும் சொல்லலையே" என்றார்கள். மரம் பூத்த நாளில் இருந்து, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் காலையில் அந்த வீட்டு வழியாகத்தான் போகும். ஆளுக்கு ஒரு பூ. வாசனைக்குப் பாம்பு வரும், வெட்டிப்போடு என்று சொன்னவங்களும் உண்டு. பாம்பு வாசனைக்கு வருவதில்லை. எலிக்கும் தவளைக்கும்தான் வரும். மரத்தடியைக் குப்பை இல்லாமல் வைத்துக்கொண்டால் போதும்.

தென்காசி தனி மாவட்டமான 2019-ல், ஆச்சியின் கொழுந்தனார் ஒரு மர வியாபாரியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். செண்பகம் நல்ல பலகைக்கு ஆகும் மரம். "இடம் எங்க அப்பா பேருல இருக்கு, மரமும் எங்களுக்குத்தான்" என்றார். பட்டா மாமனார் பேரில்தான் இருந்தது. அவர் உயில் எதுவும் எழுதாமல் இறந்து வருஷக்கணக்காகியும் யாரும் மாற்றவில்லை. அன்றைக்கு ஆச்சி மரத்தடியில் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். தகவல் தெரிந்து அவங்க குழுவில் பன்னிரண்டு பேரும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வியாபாரி வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். சத்தம் போட்டுச் சண்டை எல்லாம் இல்லை.

ஆனால் பாய் விரித்தால் மட்டும் இடம் சொந்தமாகிவிடாது. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, மகன் முதலில் இறந்திருந்தாலும், மாமனார் உயில் எழுதாமல் போனால் அவர் சொத்தில் அந்த மகன் பங்கு மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் உண்டு. இது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? கை தூக்குங்க பார்ப்போம்... ஐந்து பேர். ஆச்சிக்கும் தெரியாது. வாரிசுச் சான்று, கிராம நிர்வாக அலுவலர், தாலுகா ஆபீஸ் என்று குழுத் தலைவி கூடவே அலைந்தார். நடுவில் 2020-ல் கொரோனா. பங்கு பிரித்து, மரம் நிற்கிற இடத்தோடு ஆச்சி பேரில் பட்டா கைக்கு வர ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆனது. கொழுந்தனாரும் கடைசியில் கையெழுத்துப் போட்டார். இப்போது அவர் பேத்திக்கும் தினமும் பூ போகிறது.

பட்டா வந்த மாதக் கூட்டத்தில் ஒரு தங்கச்சி, ஆச்சி மரத்துப் பூவையே எடுத்து அவங்க தலையில் வைக்கப் போனாள். ஆச்சி கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார்கள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பூ வைப்பதும் வைக்காததும் அவரவர் இஷ்டம், ஊர் சொல்லி நடக்கக்கூடாது என்று நாம் எத்தனை பயிற்சியில் பேசியிருக்கிறோம். ஆனால் அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சி அந்தப் பூவை வாங்கி, கொஞ்ச நேரம் முகர்ந்துவிட்டு, சேமிப்புப் பாஸ் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்கள். இப்போதும் அந்தப் புத்தகத்தில் வரவு எழுத வாங்கினால் வாசனை வரும். கணக்கு எழுதுகிற பிள்ளையைக் கேட்டுப் பாருங்க.

போன் படத்தைக் காட்டின தங்கச்சிக்கும் மற்ற மூன்று பேருக்கும் ஆச்சி ஒரு சேதி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மரத்தில் காய் வெடிக்க ஆரம்பித்துவிட்டதாம். குருவி தின்பதற்குள் வரணுமாம். வருகிற வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆச்சி வீட்டுப் புறவாசலில் கூடுகிறோம். வேறு யாருக்கு விதை வேணுமோ அவர்களும் வரலாம். வரும்போது ஒரு தேங்காய்ச் சிரட்டை, ரெண்டு கை அடுப்புச் சாம்பல் கொண்டுவாங்க. கேஸ் அடுப்பு வீட்டுக்காரங்க பக்கத்து வீட்டில் சாம்பல் கடன் வாங்கிக்கோங்க, அதுக்கு வட்டி கிடையாது. மண் நிரப்பின பையை வீட்டிலேயே தயாராக வைத்துவிட்டு வரணும், ஏன்னா மறுநாளே ஊன்றியாகணும். இந்தத் தடவை விதை எண்ணிக் கொடுக்கப்போவது நான் இல்லை, ஆச்சிதான்.